எண்ணூர் முகத்துவாரத்தின் ஹெச்-இண்டெக்ஸ்

பல பேருக்கு முனைவர் பட்டம் வாங்கிக் கொடுத்த கைடு யார் என்று வடசென்னையில் யாராவது என்னைக் கேட்டால், எண்ணூர் முகத்துவாரத்தைத்தான் கை காட்டுவேன். சம்பளம் கேட்டதில்லை, ஓய்வூதியம் கேட்டதில்லை. வைவா முடிந்த மதியம் துறையில் எல்லாருக்கும் பிரியாணி போடுகிறார்களே, அதிலும் அதற்கு ஒரு பொட்டலம் ஒதுக்கியவர் கிடையாது. படுத்த படுக்கையாகக் கிடந்துகொண்டே மாதிரி கொடுக்கிறது. ஈயமா, காட்மியமா, குரோமியமா, நுண்பிளாஸ்டிக்கா? வேண்டியதை மொண்டுகொள். இறாலின் செவுளில் ஒரு கட்டுரை, மடவையின் ஈரலில் ஒரு கட்டுரை, அலையாத்தி வேரில் ஒன்று, அடிச்சேற்றில் இரண்டு. இத்தனை கொடுத்தும் அந்த கைடுக்கு ஒரு கூகுள் ஸ்காலர் பக்கம் இல்லை.

விடிந்தும் விடியாமலும் ஆய்வு மாணவர்கள் எண்ணூர்க் காட்டுக்குப்பத்தில் வந்து இறங்குவார்கள். தோளில் ஐஸ் பெட்டி, கையில் லேபிள் ஒட்டிய பாட்டில்கள், கழுத்தில் ஜி.பி.எஸ். படகு மீனவருடையது. எங்கே ஆழம், எங்கே சாம்பல் படிந்து காலை இழுக்கும், அனல்மின் நிலையத்துச் சுடுதண்ணீர் எந்தப் பக்கம் பரவும் என்கிற அறிவும் அவருடையது. கட்டுரையில் மட்டும் அவர் 'உள்ளூர் மக்கள்'. கொஞ்சம் மனசாட்சி உள்ள ஆய்வாளர் என்றால் நன்றியுரையில் ஒரு வரி கிடைக்கும். அடுத்த வருஷம் அதே தம்பி மறுபடி வந்து நிற்பான்.

"இன்னா தம்பி, போன வருசம் மொண்டுக்கினு போனியே, அந்தத் தண்ணி இன்னாச்சு?"

"பேப்பர் வந்துடுச்சுண்ணா. பெரிய ஜர்னல். எட்டு சைட்டேஷன்."

"எட்டுன்னா?"

"எட்டு பேர் அதை எடுத்துச் சொல்லியிருக்காங்கண்ணா."

"யாராண்ட சொன்னாங்க? மாசு போர்டு ஆபீசுலயா?"

"இல்லண்ணா. அவங்கவங்க பேப்பர்ல."

"அப்ப உங்களுக்குள்ளயே சொல்லிக்கினு கீறீங்க."

மேற்கோள் அளவியலை இதைவிடச் சுருக்கமாக யாரும் விளக்கிவிட முடியாது. ஆனாலும் பதவி உயர்வு, ஊக்கத்தொகை, கல்லூரி வாசலில் தொங்கும் தரவரிசை பேனர் எல்லாம் இதில் தொங்குவதால் கணக்கைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

ஹெச்-இண்டெக்ஸ் என்பது கலிபோர்னியாவின் சான் டியகோவில் இயற்பியலாளர் ஹோர்கே ஹிர்ஷ் 2005இல் போட்டுக் கொடுத்த எண். உங்கள் கட்டுரைகளில் பத்து, தலா பத்து முறைக்குக் குறையாமல் பிற கட்டுரைகளில் காட்டப்பட்டிருந்தால் உங்கள் எண் 10. இருபது கட்டுரை தலா இருபது முறை என்றால் 20. வாழ்நாளில் ஐந்தே கட்டுரை எழுதி, ஒவ்வொன்றும் ஐயாயிரம் முறை காட்டப்பட்டிருந்தாலும் உங்கள் எண் 5தான். பக்கத்து அறைக்காரர் இருபது சுமாரான கட்டுரைகளோடு உங்களைத் தாண்டி நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். இந்த எண் கடுமையான கெட்ட விளைவுகளைத் தரக்கூடும் என்று ஹிர்ஷே பிற்பாடு எழுதிவிட்டார். அந்தக் கட்டுரையையும் மேற்கோள் காட்டி எண்ணை ஏற்றிக்கொண்டவர்கள் இருப்பார்கள்.

இதற்கெல்லாம் முன்னோடியான மேற்கோள் அட்டவணையை யூஜின் கார்ஃபீல்டு 1964இல் பிலடெல்பியாவிலிருந்து வெளியிட்டார். ஒரு கருத்து யாரிடமிருந்து யாருக்குப் போயிற்று என்று தேடிப் பிடிக்கத்தான் அது. அவர் உருவாக்கிய தாக்கக் காரணி இன்னும் எளிய சரக்கு. ஓர் இதழ் முந்தைய இரண்டு ஆண்டுகளில் போட்ட கட்டுரைகள் இந்த ஆண்டு சராசரியாக எத்தனை முறை காட்டப்பட்டன என்ற கணக்கு. நூலகர் எந்த இதழுக்குச் சந்தா கட்டலாம் என்று பார்ப்பதற்கு அது உதவும். அதற்கும் முன்பே, சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர். அரங்கநாதன், நூலகப் பணியைப் புள்ளியியலால் அளக்கும் துறை ஒன்று வேண்டும் என்று 1948இல் சொல்லி, அதற்கு 'லைப்ரமெட்ரி' என்று பெயரும் வைத்தார். நூலகரின் கருவியைப் பிடுங்கி மனிதரின் கழுத்தில் விலைச்சீட்டாகக் கட்டிய புண்ணியம் பிற்பாடு வந்த நிர்வாகிகளைச் சேரும்.

விலைச்சீட்டு என்று வந்தபின் சந்தை வராமல் இருக்குமா? வாட்ஸாப்பிலும் டெலிகிராமிலும் கட்டுரையில் இடம் விற்கிறார்கள். முதல் ஆசிரியர் என்றால் ஒரு விலை, மூன்றாமவர் என்றால் ஒரு விலை, ஸ்கோபஸ் பட்டியலில் உள்ள இதழ் என்றால் தனி விலை. காசிமேட்டு ஏலத்தில்கூட செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வாய் திறப்பார்கள். இங்கே சரக்கைப் பார்க்காமலே பெயர் ஏறிவிடும்.

2024இல் ரீஸ் ரிச்சர்ட்சன், நிக் வைஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள், இந்தச் சந்தையின் லட்சணத்தைக் காட்ட லாரி என்ற பூனையைப் பிடித்தார்கள். ரிச்சர்ட்சனின் பாட்டி வீட்டுப் பூனை. அதன் பெயரில் பொருளற்ற கட்டுரைகள் பன்னிரண்டு, அவற்றை மேற்கோள் காட்ட இன்னும் பன்னிரண்டு போலிக் கட்டுரைகள். கூகுள் ஸ்காலர் அசரவில்லை. லாரிக்கு 132 மேற்கோள்; ஹெச்-இண்டெக்ஸ் 11. இயற்பியல் கட்டுரையில் 1975இலேயே இணையாசிரியரான இன்னொரு பூனையின் சாதனையை அது முறியடித்தது. நம் ஊர்ப் பேராசிரியர்களில் எத்தனை பேர் அந்தப் பதினொன்றைத் தொட்டிருக்கிறார்கள் என்று கேட்டால் எனக்கு வம்பு.

நமக்குப் பூனை தேவைப்படவில்லை. 2019 ஆகஸ்டில் நேச்சர் இதழ் உலகில் அதிகம் மேற்கோள் காட்டப்படுவோரின் பட்டியலைப் பற்றி எழுதியபோது, தொடக்கத்திலேயே எடுத்துக்காட்டாக வைத்தது சென்னையைத்தான். ஆவடியில் உள்ள தனியார் கல்வி நிறுவனத்தின் கணினி அறிவியலாளர் ஒருவர். 2017 வரை அவருக்கு வந்த மேற்கோள்களில் 94 விழுக்காடு அவரே காட்டியவை, அல்லது அவருடைய இணையாசிரியர்கள் காட்டியவை. அந்தத் தரவில் இடைநிலை அளவு 12.7 விழுக்காடுதான். உற்பத்தித்திறனிலும் மேற்கோளிலும் நாட்டின் முன்னணி என்று அவருக்கு 20,000 ரூபாய் பரிசும் நேச்சர் எழுதியதற்கு முந்தைய ஆண்டு கொடுக்கப்பட்டிருந்தது. ஆளைத் திட்டி என்ன பயன்? எண்ணுக்குப் பரிசு என்று பலகை மாட்டியவர்கள்தானே எண்ணைக் கேட்டார்கள்.

2023 ஜூனில் சயன்ஸ் இதழும் ரிட்ராக்‌ஷன் வாட்சும் சேர்ந்து வெளியிட்ட புலனாய்வு, சவீதா பல் மருத்துவக் கல்லூரியைப் பற்றியது. ஆண்டுதோறும் ஏறக்குறைய 500 இளநிலை மாணவர்கள் நான்கு மணி நேரத் தேர்வில் உட்கார்ந்து 1,500 சொல் ஆய்வுக் கட்டுரை எழுதிவந்தார்கள். அந்த வளாகத்துக் கட்டுரைகள் அந்த வளாகத்துக் கட்டுரைகளையே ஏராளமாக மேற்கோள் காட்டுகின்றன என்றது அது. ஒன்றிய அரசின் என்.ஐ.ஆர்.எஃப் தரவரிசையில் 2022, 2023 இரண்டு ஆண்டும் பல் மருத்துவத்தில் நாட்டின் முதலிடம் அந்தக் கல்லூரிக்குத்தான். பல் பிடுங்கக் கற்றுக்கொள்ள வந்த பிள்ளை, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே விஞ்ஞானத்தை முன்னேற்றிவிட்டுப் போகிறது.

சரி, பதவி உயர்வுக்குப் பேராசிரியர்கள் நிரப்பும் படிவத்தை எண்ணூர் முகத்துவாரத்துக்கு நிரப்பிப் பார்ப்போம். கல்வித்தகுதி: கொசஸ்தலை ஆற்றின் மூத்த வாரிசு. அனுபவம்: அனல்மின் நிலையங்களோடு அரை நூற்றாண்டுக்கு மேல்.

பலதுறைக் கூட்டுழைப்பு என்று ஒரு கட்டம் வரும். இன்றைக்குப் பல்கலைக்கழகங்கள் மயங்கிக் கிடப்பது இந்தக் கட்டத்தில்தான். துறைக்குத் துறை மேற்கோள் வழக்கம் வேறு; கணிதக்காரர் இருபது பேரைக் காட்டுவதே பெரிது, உயிர்மருத்துவத்தில் ஐம்பது அறுபது சாதாரணம். ஆகவே துறைவாரியாகச் சமன்படுத்தி, அதன்பின் ஒருவர் எத்தனை துறைகளோடு கைகோத்தார் என்று அளக்கிறார்கள். அதற்கு அதிகம் பயன்படும் அளவீட்டில் நம் சி.ஆர். ராவின் பெயரே இருக்கிறது. 102 வயதுவரை வாழ்ந்து 2023இல் மறைந்த புள்ளியியல் மேதை. ஒரு கூட்டத்துக்குள் இருக்கும் பன்மையை அளக்க அவர் 1982இல் தந்த சூத்திரத்தை, பிற்பாடு ஆண்ட்ரூ ஸ்டர்லிங் வளர்த்தெடுத்தார். எத்தனை துறைகள், அவை எவ்வளவு சமமாகக் கலந்தன, ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரம் என்ற மூன்றையும் அது சேர்த்துப் பார்க்கும்.

எண்ணூருக்குப் போட்டுப் பாருங்கள், கருவியே உடைந்துவிடும். மணலியிலிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக வரும் பெட்ரோலிய வேதியியல். அத்திப்பட்டிலிருந்து நிலக்கரிச் சாம்பல், அதாவது நிலவியல். அதே இடத்திலிருந்து சுடுதண்ணீர், அதாவது வெப்ப இயற்பியல். துறைமுகங்கள் தோண்டியும் கொட்டியும் வளர்க்கும் கடலோரப் பொறியியல். பெரியகுப்பத்து உர ஆலைக்குக் கடலடிக் குழாயில் வரும் அம்மோனியா. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் அது கசிந்து, ஊரே மூச்சுத் திணறித் தெருவில் ஓடியது. அது நுரையீரலியல்.

வெளிநாட்டுக் கூட்டாளி இல்லாமல் இன்று யாருக்கு மதிப்பு? அதுவும் உண்டு. தென்னமெரிக்கச் சிப்பி ஒன்று, கப்பல்களின் பேலஸ்ட் தண்ணீரில் ஒண்டிக்கொண்டு வந்திருக்கும் என்று கருதப்படுவது, முகத்துவாரத்தின் தரை முழுக்கப் பாய் விரித்துவிட்டது. இறால் பதுங்க மணல் இல்லை. கையால் தடவி இறால் பிடிப்பவர்களின் விரல் கிழிகிறது. விஞ்ஞானம் அதை மைட்டெல்லா ஸ்ட்ரைகாட்டா என்கிறது. எண்ணூர் மீனவர்கள் வைத்த பெயர் காக்கா ஆழி. இறால்பாட்டை அது அழிக்கிறது என்று கண்டு, பெயர் வைத்து, அரசு அலுவலகப் படியேறி, பசுமைத் தீர்ப்பாயம்வரை போனவர்கள் அவர்கள். பல்கலைக்கழகத்தில் இதைச் செய்தால் 'முதல் பதிவு' என்று தனிக் கட்டுரை. குப்பத்தில் செய்தால் மனு. மனுவுக்கு மேற்கோள் எண்ணிக்கை கிடையாது.

அடுத்த கட்டம், சுயமேற்கோள். 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதின. எண்ணெய் மாசு எதுவும் இல்லை என்று துறைமுகம் முதலில் அறிக்கை விட்டது. அப்புறம் எர்ணாவூர்க் கரையில் மனிதர்கள் பிளாஸ்டிக் வாளியால் எண்ணெய் மொண்டதை உலகமே படத்தில் பார்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் வந்தது. எங்கள் குழாய் எதிலும் கசிவு இல்லை என்று அங்குள்ள எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிறுவனமான சி.பி.சி.எல் முதலில் சொன்னது; எண்ணெய் அந்த வளாகத்திலிருந்துதான் வந்தது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பிற்பாடு சொன்னது. மறுபடி வாளி, மறுபடி மக்கு, மறுபடி வெறுங்கை. இரண்டாவது நிகழ்வு முதலாவதை வரிக்கு வரி மேற்கோள் காட்டியது. சுயமேற்கோள் விகிதம் நூற்றுக்கு நூறு. ஆவடி தோற்றது.

ஆசிரியர் யார் என்ற கட்டத்தில்தான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. சேற்றில் எத்தனை மில்லிகிராம் ஈயம் என்று சொல்லும் கட்டுரைக்குப் பன்னிரண்டு ஆசிரியர்கள் வரிசையில் நிற்பார்கள். துறைத்தலைவர் பெயர் இல்லாமல் அனுப்பக் கூடாது, முதல்வர் பெயரைச் சேர்த்தால் நல்லது, வெளிநாட்டில் ஒருவரைச் சேர்த்தால் இன்னும் நல்லது. இயற்பியலில் ஹிக்ஸ் துகளின் நிறையைச் சொன்ன 2015ஆம் ஆண்டுக் கட்டுரைக்கு 5,154 ஆசிரியர்கள். அங்காவது அத்தனை பேர் சேர்ந்து ஒரு ராட்சத எந்திரத்தை ஓட்டினார்கள். ஆனால் அந்த ஈயத்தைக் கொட்டியது யார்? ஒரு ஆசிரியரும் முன்வர மாட்டார். தொடர்புக்குரிய ஆசிரியர் என்று ஒரு மின்னஞ்சல் முகவரி உண்டே, எண்ணெய்க்கும் சாம்பலுக்கும் அம்மோனியாவுக்கும் அது கிடையாது. கட்டுரைகளிலும் பாருங்கள். 'அருகிலுள்ள தொழிற்சாலைகள்', 'மனிதச் செயல்பாடுகள்' என்று எழுதுவார்கள். ஈயத்தைக் கோடியில் ஒரு பங்குவரை அளக்கத் தெரிந்த கைக்கு ஆலையின் பெயரை எழுதும்போது மட்டும் நடுக்கம். பெயரை எழுதினால் அடுத்த திட்டத்துக்கு அனுமதி வராது, வளாக நேர்காணலுக்கு ஆள் வராது.

எல்லாரையும் சொல்லவில்லை. மீனவர்களோடு சேற்றில் இறங்கி, சாட்சியத்தைத் தீர்ப்பாயம்வரை கொண்டுபோனவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குத்தான் படிவத்தில் கட்டம் இல்லை. தீர்ப்பாயத்துக்கு எழுதிய அறிக்கைக்கு மதிப்பெண் பூஜ்யம். ஊர்க்கூட்டத்தில் தமிழில் விளக்கியதற்குப் பூஜ்யம். காட்டுக்குப்பத்திலேயே பிறந்து பட்டம் படித்த பிள்ளை, தன் ஆற்றைப் பற்றிய கட்டுரையைத் திறந்தால் முப்பது டாலருக்கு மேல் கேட்கிறது பல இதழ். ஒரே நாடு ஒரே சந்தா என்று ஒன்றிய அரசு 2024 நவம்பரில் மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியதே? அது அரசுக் கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்கு. ஆறு அவனுடையது, ஈயம் அவன் ரத்தத்தில், பி.டி.எஃப் மட்டும் பதிப்பகத்தாருடையது.

திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகள் என்ற கட்டத்திலும் எண்ணூருக்குச் சாதனை உண்டு. 1996இல் ஒப்புதல் பெற்ற கடலோர மண்டலத் திட்டத்தில், கட்டுமானம் கூடாத பகுதியாக எண்ணூர்க் கழிமுகம் இருந்தது, 6,500 ஏக்கர். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டவர்களுக்குப் பிற்பாடு கிடைத்த வரைபடத்தில் கழிமுகமே இல்லை. 2017இல் செயற்பாட்டாளர்கள் இதை வெளியே கொண்டுவந்தார்கள். ஒரு கட்டுரையைத் திரும்பப் பெற்றால்கூட இதழ் ஓர் அறிவிப்பு போடும், காரணம் சொல்லும். இங்கே ஓர் ஆற்றின் வாயையே அறிவிப்பில்லாமல் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

இந்த அளவுகோல்களால்தான் திறமையைக் கண்டுபிடிக்கிறோம் என்று சொல்பவர்களை, இராயபுரம் சோமு செட்டி தெருவுக்கு ஒரு நடை அழைத்துப் போக வேண்டும். கணித ஆசிரியர் பி.கே. சீனிவாசன் உழைத்து உருவாக்கிய ராமானுஜன் அருங்காட்சியகம் 1993 முதல் அங்கேதான் இருக்கிறது. 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தின் கணக்குப் பிரிவில் ராமானுஜன் சேர்ந்தார். மூன்றாம் வகுப்பு, நான்காம் நிலை எழுத்தர், மாதம் 30 ரூபாய். தரம் பிரிப்பதில் அன்றைய துறைமுகமும் சளைத்ததல்ல. ஆனால் அலுவலக மேலாளர் நாராயண ஐயர் கணிதம் தெரிந்தவர். குமாஸ்தாவின் காகிதத்தைக் கையில் வாங்கிப் படித்தார். தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங் பொறியாளர். தனக்குப் புரியாத கணக்குக்காகப் பல இடங்களில் பேசினார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் போனபோது அந்த எழுத்தரின் ஹெச்-இண்டெக்ஸை எடுத்திருந்தால், இன்றைய உதவிப் பேராசிரியர் நேர்காணலில் காவலாளியே திருப்பி அனுப்பியிருப்பார். ஒரு பொறியாளரும் ஒரு மேலாளரும் ஒரு குமாஸ்தாவும் செய்த அந்தப் பலதுறைக் கூட்டுழைப்புக்கு எந்த மென்பொருளும் புள்ளி போடவில்லை. அவர்கள் செய்தது எளிய காரியம். கொடுத்த காகிதத்தைப் படித்தார்கள். இன்றைய தேர்வுக்குழுவில் எண்ணைப் பார்க்காமல் கட்டுரையைப் படித்தவர் எத்தனை பேர்?

2025 தரவரிசையிலிருந்து, திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளுக்கு மதிப்பெண் குறைக்கப்போவதாக என்.ஐ.ஆர்.எஃப் சொன்னது. நல்லது, குறையுங்கள். கூடவே படிவத்தில் இன்னும் மூன்று கேள்வி சேருங்கள். உங்கள் ஆய்வைக் காட்டி எந்தக் குழாயை மூடினார்கள்? எந்த ஊரில் உட்கார்ந்து அதை அந்த ஊர்ப் பாஷையில் சொன்னீர்கள்? மாதிரி எடுக்கப் போன படகு யாருடையது? முதல் இரண்டுக்கும் 'பொருந்தாது' என்று எழுதிவிட்டுப் பதவி உயர்வு வாங்கிக்கொள்வீர்கள், தெரியும். மூன்றாவதற்கு மட்டும் அப்படி எழுத முடியாது. படகுக்காரர் கையெழுத்துப் போட்ட வாடகை ரசீதை இணைத்துத்தானே திட்டப்பணத்தை வாங்கினீர்கள்.